நாட்டுக்கு ஒரு தலைவர்; கண்டத்துக்கு எவருமில்லை: கண்டி தரும் விளக்கம்

சர்வதேச மாநாடுகள் நடைபெறும் காலங்களில் "ஆசியத் தலைவர்கள் தீர்மானம்", "ஆபிரிக்கத் தலைவர்கள் கோரிக்கை" என்றவாறான தலைப்புகளைப் பத்திரிகைகளில் நாம் அடிக்கடி காண்கின்றோம். இத்தலைப்புகளைப் படிக்கும் ஒருவருக்கு, ஆசியா என்ற கண்டத்துக்கு ஓர் ஆட்சிப்பீடம் இருப்பது போலவும் அதில் சிலர் அமர்ந்து முடிவுகளை எடுப்பது போலவும் ஒரு தோற்றம் ஏற்படலாம். உண்மை நிலை அதுவன்று. ஆசியாவுக்கு ஜனாதிபதி இல்லை. ஆசியாவுக்குப் பாராளுமன்றம் இல்லை, நீதிமன்றம் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை. அம்மாநாடுகளில் தோளோடு தோள் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் தத்தமது நாட்டின் எல்லைக் கல் வரைக்குமே தலைவர் ஆவர். அக்கல்லுக்கு அப்பால் அவர்கள் விருந்தாளிகளே.

இது பாடசாலை மாணவரும் அறிந்த விடயம்தானே, இதனை விளக்க ஒரு கட்டுரை எதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஆனால் இந்த எளிய உண்மையின் விலை என்ன என்பதைக் கண்டியையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் போல் அறிந்த பிரதேசங்கள் அதிகம் இல்லை. ஒருவர் எந்த நாட்டின் ஆட்சி எல்லைக்குள் அடங்குகின்றாரோ அந்த நாட்டின் தலைவரே அவரது உரிமைகளுக்குப் பொறுப்பாளி. எந்த நாட்டினுள்ளும் அடங்காதவர் என்று ஒருவர் முத்திரை குத்தப்பட்டால், கண்டம் முழுவதையும் தேடினாலும் அவருக்காகப் பேசக் கடமைப்பட்ட தலைவர் ஒருவரைக் காண முடியாது. மலையகத் தமிழ் மக்கள் இதனைப் புத்தகத்தில் படித்து அறிந்தவர்கள் அல்லர்.

முதலில், கண்டம் தழுவிய அமைப்புகள் என்று சொல்லப்படுபவை எத்தகையவை என்பதைச் சுருக்கமாக நோக்குவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணைக்குழுவுக்குத் தலைவர் ஒருவர் உள்ளார். அவரது அதிகாரம் உறுப்பு நாடுகள் ஒப்பந்தங்கள் மூலம் விட்டுக்கொடுத்த துறைகளுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். விட்டுக்கொடுத்ததைத் திரும்பப் பெறவும் முடியும் என்பதைப் பிரித்தானியா 2020 ஆம் ஆண்டில் ஒன்றியத்தை விட்டு விலகியதன் மூலம் காட்டியது. ஆபிரிக்க ஒன்றியத்தின் தலைமைப் பதவி ஆண்டுக்கு ஒருவருக்கு என்று சுழன்று வருவது. 2009 ஆம் ஆண்டில் அப்பதவியை வகித்த லிபியத் தலைவர் கேணல் முஅம்மர் கடாபி, ஆபிரிக்கா முழுவதும் ஒரே அரசாக மாற வேண்டும் என்று வற்புறுத்தினார். ஏனைய தலைவர்கள் செவிமடுத்தனர். ஒருவரும் தமது நாட்டின் அதிகாரத்தைக் கையளிக்க முன்வரவில்லை. எமது பிராந்தியத்தின் சார்க் அமைப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 1985 ஆம் ஆண்டு டாக்காவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அதன் சாசனம், தீர்மானங்கள் யாவும் ஏகமனதாக அமைய வேண்டும் எனவும், இரு நாடுகளுக்கு இடையிலான சர்ச்சைகள் அங்கு விவாதிக்கப்படலாகாது எனவும் விதித்துள்ளது. அதாவது, எவற்றைப் பேச வேண்டிய அவசியம் உண்டோ அவற்றைப் பேசக்கூடாது என்ற நிபந்தனையுடனேயே அது பிறந்தது. 2014 ஆம் ஆண்டு காத்மண்டுவில் 18 ஆவது உச்சிமாநாடு நடைபெற்றது. 2016 ஆம் ஆண்டு இஸ்லாமாபாத்தில் நடைபெறவிருந்த மாநாடு கைவிடப்பட்டதன் பின்னர் ஆண்டுகள் பல உருண்டோடிவிட்டன.

முஸ்லிம் உலகின் அனுபவமும் வேறானதல்ல. 1924 ஆம் ஆண்டு மார்ச் மாதம் துருக்கியின் தேசிய சபை கிலாபத்தை ஒழித்ததன் பின்னர், நாடுகளின் எல்லைகளைக் கடந்த தலைமை என ஒன்று எஞ்சவில்லை. 1969 ஆம் ஆண்டு ரபாத் மாநாட்டைத் தொடர்ந்து உருவான இஸ்லாமிய நாடுகளின் அமைப்பும் நாடுகளின் கூட்டமைப்பே அன்றி, நாடுகளுக்கு மேலான அரசன்று. இலங்கை முஸ்லிம்களின் திருமணம், விவாகரத்து தொடர்பான 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துவதா, எவ்வாறு திருத்துவது என்ற விவாதம் ரியாத்திலோ கெய்ரோவிலோ தீர்மானிக்கப்படுவதில்லை. கொழும்புப் பாராளுமன்றத்திலேயே தீர்மானிக்கப்பட வேண்டியுள்ளது.

இனிக் கண்டிக்கு வருவோம்.

கண்டி மன்னர்கள் தம்மைத் திரிசிங்களாதீஸ்வரர் என அழைத்துக்கொண்டனர். றுகுணை, மாயா, பிகிட்டி ஆகிய மூன்று பகுதிகளுக்கும், அதாவது முழு இலங்கைக்கும் அதிபதி என்பது அதன் பொருள். விருதுப் பெயர் அவ்வாறிருக்க, கரையோரம் முதலில் போர்த்துக்கேயரிடமும் பின்னர் ஒல்லாந்தரிடமும் இருந்தது. 1766 ஆம் ஆண்டு ஒல்லாந்தருடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின் பின்னர் தீவைச் சுற்றியுள்ள கடற்கரை முழுவதுமே கண்டி மன்னரின் கையை விட்டுப் போயிற்று. கடலால் சூழப்பட்ட ஒரு தீவின் அரசர், தமது குடிகளுக்கு வேண்டிய உப்பை அள்ளுவதற்கு அந்நியருடன் செய்த உடன்படிக்கையில் இடம் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. விருதுப் பெயரில் உள்ள ஆட்சி வேறு, நடைமுறையில் உள்ள ஆட்சி வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

ஆயினும், தமது ஆட்சி எட்டிய இடத்தில் கண்டி மன்னர்கள் செய்தவை மறக்கப்படலாகாதவை. 1626 ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, செனரத் மன்னர் அவர்களுக்குப் புகலிடம் வழங்கினார். அவர்களுள் சுமார் 4,000 பேர் கிழக்கில் மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியமர்த்தப்பட்டதாக வரலாறு கூறுகின்றது. இங்கு நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரே தீவில், சில நாள் நடைத் தொலைவில், ஓர் ஆட்சியின் எல்லைக்குள் துரத்தப்பட்டவர்கள் இன்னோர் ஆட்சியின் எல்லைக்குள் குடிகளாயினர். எல்லை என்பது சிலவேளைகளில் சிறைச் சுவராகவும் சிலவேளைகளில் காப்பரணாகவும் அமைகின்றது. உலகம் முழுவதையும் ஒரே ஆட்சி ஆண்டால் நல்லது என்று வாதிடுவோர், அவ்வாட்சி துரத்தினால் எங்கு ஓடுவது என்ற கேள்விக்கும் விடை கூற வேண்டும்.

அதேபோல், 1739 ஆம் ஆண்டு முதல் கண்டிச் சிம்மாசனத்தில் அமர்ந்த நாயக்கர் வம்சத்தினர் தென்னிந்தியாவிலிருந்து மண உறவின் வழியாக வந்தவர்கள். தமிழும் தெலுங்கும் அறிந்த அவர்கள் கண்டியில் பௌத்த சாசனத்தின் காவலர்களாக ஆட்சி செய்தனர். மதுரையின் இரத்தம் கண்டிக்கு வந்ததேயன்றி, மதுரையின் ஆட்சி கண்டிக்கு வரவில்லை. கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அவ்வரிசையில் இறுதியானவர்.

1815 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் திகதி, தலதா மாளிகைக்கு அருகிலுள்ள மகுல் மடுவ மண்டபத்தில் வைத்துக் கண்டி உடன்படிக்கை நிறைவேற்றப்பட்டது. பிரதானிகள் கையொப்பமிட்ட அவ்வாவணத்தின் மூலம் கண்டி மாகாணங்களின் ஆட்சி பிரித்தானிய மன்னருக்கு உரித்தாக்கப்பட்டது. நாயக்கர் வம்சத்தினரின் உரிமை முற்றாக நீக்கப்பட்டது. மன்னரின் ஆண் உறவினர்கள் அந்நாட்டினுள் கால் வைக்கலாகாது எனவும் விதிக்கப்பட்டது. சிறைப்பிடிக்கப்பட்ட மன்னர் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832 ஆம் ஆண்டில் அங்கேயே காலமானார்.

கண்டங்கள் பலவற்றை ஒருவரே ஆண்ட காலம் உண்டு என்றால் அது இக்காலமே எனலாம். இலண்டனில் இருந்த ஒரு முடி ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் அமெரிக்காவிலும் நிலங்களைத் தன்னுடையவை என்றது. ஆனால் அதிலும் ஓர் உட்பொருள் உள்ளது. அந்த முடியும் கண்டங்களைக் கண்டங்களாக ஆளவில்லை. இலங்கைக்கு ஓர் ஆளுநர், சென்னைக்கு ஓர் ஆளுநர், ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி வரவு செலவு என்றே ஆண்டது. 1833 ஆம் ஆண்டு கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுக்கு அமைய, கண்டி தனி நிர்வாகம் என்ற நிலையை இழந்து, ஐந்து மாகாணங்களைக் கொண்ட ஒரே இலங்கை நிர்வாகத்தினுள் சேர்க்கப்பட்டது. இன்று நாம் இலங்கை என்று சொல்லும் ஒற்றை ஆட்சி எல்லை அன்றுதான் கோடிடப்பட்டது.

இந்த மாற்றத்தின் எதிரொலி கம்பளையில் கேட்டது. அங்குள்ள வலகாகொட தேவாலயத்தின் பெரஹர, கரையோர முஸ்லிம்களின் பள்ளிவாசலைக் கடக்கையில் வாத்தியம் இசைக்கலாமா என்ற பிரச்சினை எழுந்தது. பௌத்த சமயத்துக்குப் பாதுகாப்பளிக்கும் 1815 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் ஐந்தாவது பிரிவைத் தேவாலயத் தரப்பினர் ஆதாரமாகக் கொண்டனர். கண்டி மாவட்ட நீதிமன்றம் 1914 ஆம் ஆண்டில் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1915 ஆம் ஆண்டு பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. இரு அரசுகளுக்கிடையே செய்யப்பட்ட ஓர் உடன்படிக்கையின் வாசகம், பின்னர் அந்நாட்டின் சட்டசபை இயற்றிய சாதாரணச் சட்டத்தின் முன் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதே அவ்வழக்கின் சாரம். அதே ஆண்டு மே மாத இறுதியில் கண்டியில் மூண்ட கலவரம் பல மாகாணங்களுக்கும் பரவி, முஸ்லிம்களின் உயிருக்கும் உடைமைக்கும் பெரும் நாசத்தை விளைவித்தது. ஆளுநர் சேர் றொபேட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். சிங்களத் தலைவர்கள் பலர் சிறையிடப்பட்டனர். அவர்களுக்காக வாதாட சேர் பொன்னம்பலம் இராமநாதன் கப்பலேறி இலண்டன் செல்ல வேண்டியிருந்தது. அவரது நிலைப்பாட்டை முஸ்லிம்கள் மனவருத்தத்துடனேயே நோக்கினர் என்பதையும் இங்கு மறைப்பதற்கில்லை. எவ்வாறாயினும், கண்டிக் கடைவீதியில் எரிந்த கடைக்கான இறுதி நியாயத்தை வழங்கும் அதிகாரம் கடல் கடந்த ஓர் அலுவலகத்தில் இருந்தது. கண்டங்களை ஆளும் ஆட்சியின் பலவீனம் இதுவே. அது எல்லா இடத்துக்கும் சொந்தமானது, எந்த இடத்துக்கும் அருகில் இல்லாதது.

இரண்டாம் உலக மகா யுத்தம் கண்டிக்கு இன்னொரு விசித்திரமான அனுபவத்தை அளித்தது. 1944 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அட்மிரல் மவுண்ட்பேட்டன் தமது தென்கிழக்காசியக் கட்டளைப் பீடத்தைப் புதுடில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைத் தாவரவியற் பூங்கா அதன் தலைமையகமாயிற்று. பர்மா, மலாயா, சிங்கப்பூர், சுமாத்திரா வரையிலான போர்க்களங்களுக்குரிய கட்டளைகள் பனை வரிசைகளுக்கும் மூங்கிற் புதர்களுக்கும் இடையிலிருந்து பிறந்தன. கண்டத்தின் ஒரு பெரும் பகுதி ஒருவரது சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றது என்று சொல்லத்தக்க காலம் அது. எனினும் அவரது சொல் படைகளுக்கே உரியது. அப்பூங்காவுக்கு வெளியே, கண்டிச் சந்தையில் மக்களுக்குப் பங்கீட்டு அரிசி எவ்வளவு என்பதும், பாடசாலை நடைபெறுமா என்பதும் கொழும்பிலிருந்த ஆளுநரதும் அமைச்சர் சபையினதும் பொறுப்பாகவே இருந்தன. படை நடத்துவதும் குடி நடத்துவதும் ஒன்றல்ல. யுத்தம் முடிந்ததும் அத்தலைமையகம் சிங்கப்பூருக்கு மாறியது. பூங்கா பூங்காவாகவே எஞ்சியது.

பத்தாண்டுகள் கழித்து, 1954 ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் ஆசியாவின் ஐந்து பிரதமர்கள் இலங்கையில் கூடினர். இலங்கையின் சேர் ஜோன் கொத்தலாவல, இந்தியாவின் ஜவஹர்லால் நேரு, பாகிஸ்தானின் முகம்மது அலி, பர்மாவின் ஊ நூ, இந்தோனேசியாவின் அலி சாஸ்திரோ அமிஜோயோ ஆகியோரே அவர்கள். கொழும்பிலும் கண்டியிலும் நடைபெற்ற அமர்வுகளில் இந்தோசீனப் போர் நிறுத்தம் பற்றிப் பேசினர்; ஆசிய ஆபிரிக்க மாநாடு ஒன்றின் யோசனையையும் பரிசீலித்தனர். மறு ஆண்டு 29 நாடுகள் பங்கேற்ற பாண்டுங் மாநாடு அந்த விதையிலிருந்து முளைத்ததே. இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களுள் இருவருக்கிடையே காஷ்மீர் இருந்தது. வேறு இருவருக்கிடையே, மாநாடு நடைபெற்ற அதே மலைநாட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மக்கள் இருந்தனர். அவ்வாண்டு ஜனவரியிலேயே நேருவும் கொத்தலாவலவும் அம்மக்கள் தொடர்பாக ஓர் ஒப்பந்தம் செய்திருந்தனர். அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இந்தோசீன மக்களின் விடிவுக்காக ஒரே குரலில் பேச முடிந்த பிரதமர்களுக்கு, ஜன்னலைத் திறந்தால் தெரியும் தேயிலை மலையில் இருப்பவர் எந்நாட்டவர் என்பதில் உடன்பாடு காண முடியவில்லை.

அம்மக்களின் கதையைச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும்.

1820 களில் கம்பளைப் பகுதியில் கோப்பிச் செய்கை ஆரம்பித்தபோதும், 1867 ஆம் ஆண்டு ஹேவாஹெட்டவிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோதும், அங்கு உழைத்த கரங்கள் தமிழகத்திலிருந்து வந்தவை. தமிழக ஊர்களில் மலைநாடு முழுவதற்கும் கண்டிச் சீமை என்றே பெயர். இராமநாதபுரத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ கண்டிச் சீமைக்குப் புறப்பட்டவர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குச் செல்வதாக எண்ணியிருக்க மாட்டார். இரு கரையிலும் ஒரே கொடி பறந்தது. ஒரே முடியின் குடிகளாகவே அவர்கள் கடல் கடந்தனர். அம்முடி அகன்றபோதுதான் கடலின் நடுவே ஒரு கோடு இருப்பது தெரியவந்தது.

1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வம்சாவழியை ஆதாரமாகக் கேட்டது. பிறப்புப் பதிவுகள் ஒழுங்காகப் பேணப்படாத ஒரு காலத்தில், தந்தையும் பாட்டனும் இந்நாட்டில் பிறந்தனர் என்பதற்கு லயத்தில் வாழ்ந்தவர் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்? அதனைத் தொடர்ந்து வந்த 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் என்பதாகும். கண்டியிலும் கம்பளையிலும் தலைமுறையாக வணிகம் செய்துவந்த இந்திய வம்சாவழி முஸ்லிம்களும் அந்தப் பெயருக்குள் அகப்பட்டனர் என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். அச்சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானவர்களே. அதே 1949 ஆம் ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று.

இலங்கை அவர்கள் எம்மவர் அல்லர் என்றது. இந்தியாவின் நேரு, அவர்கள் இலங்கையின் பொறுப்பு, விரும்பி விண்ணப்பித்துத் தகுதி காணப்பட்டவர்களை மட்டுமே இந்தியா ஏற்கும் என்றார். இருவரது நிலைப்பாட்டையும் தத்தமது நாட்டின் நலன் என்ற அளவுகோலால் அளந்தால் நியாயம் கற்பிக்க முடியும். ஆனால் இரு நியாயங்களுக்கும் நடுவே பத்து இலட்சம் மனிதர்கள் நாடற்றவர்களாயினர். இலங்கைப் பிரதமர் இலங்கையை ஆண்டார், இந்தியப் பிரதமர் இந்தியாவை ஆண்டார்; பாக்கு நீரிணையில் மிதந்தவர்களை எவரும் ஆளவில்லை.

நேரு 1964 ஆம் ஆண்டு மே மாதம் மறைந்தார். அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் புதுடில்லியில் ஒப்பந்தமொன்றில் கைச்சாத்திட்டனர். நாடற்றவர்கள் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் பேசப்படும் என்பது உடன்பாடு. 1974 ஆம் ஆண்டில் திருமதி பண்டாரநாயக்கவும் திருமதி இந்திரா காந்தியும் அந்த எஞ்சியோரை 75,000 வீதம் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். இவ்வெண்களைத் திரும்பவும் வாசித்துப் பார்க்க வேண்டும். முழு ஆயிரங்களாக, சரிபாதிகளாக அமைந்த இத்தகைய கணக்கு மூட்டைகளுக்கும் பெட்டிகளுக்கும் பொருந்தும். ஒரு தாய் ஒரு பட்டியலிலும் மகள் மறு பட்டியலிலும் அகப்படக்கூடும் என்பதற்கு அதில் இடமில்லை. சம்பந்தப்பட்ட மக்களிடம் எவரும் கேட்கவுமில்லை. சௌமியமூர்த்தி தொண்டமான் உள்ளிட்ட மலையகத் தலைவர்கள் ஆட்சேபித்தனர். அவர்கள் எந்த நாட்டின் தலைவர்களும் அல்லராகையால் அது செவியேறவில்லை.

மக்களின் விருப்பம் என்னவென்பது விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது புலனாயிற்று. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கப்பட்ட மூன்று இலட்சத்தின் இரு மடங்கையும் தாண்டினர். இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கப்பட்ட தொகையையும் எட்டவில்லை. ஆயினும் கணக்கு முடிக்கப்பட வேண்டியிருந்தது. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் நிலவிய உணவுப் பஞ்சமும், 1977 ஆம் ஆண்டு வன்செயல்களும் பலரைத் தீர்மானத்துக்குத் தள்ளின. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் கடவுச்சீட்டு வழங்கும் மையமாயிற்று. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற புகையிரதத்துக்கு மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டனர். வழியனுப்ப வந்தவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் ஒரே குரலில் அழுததனால் வந்த பெயர் அது. கடலைக் கடந்து மண்டபம் முகாமில் இறங்கியவர்களுள் ஒரு பகுதியினர் நீலகிரி மாவட்டத்தில் அவர்களுக்கென உருவாக்கப்பட்ட அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்துக் கூடையைச் சுமந்தனர். இங்கு இந்தியர் என்று அழைக்கப்பட்டவர்கள் அங்கு சிலோன்காரர் என்று அழைக்கப்பட்டனர்.

எஞ்சியோரின் பிரச்சினை எங்கு தீர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருளுக்கு மிக முக்கியமானது. அணிசேரா நாடுகளின் மாநாடு 1976 ஆம் ஆண்டு கொழும்பில் நடைபெற்றது, அங்கு தீரவில்லை. சார்க் அமைப்பில் இருதரப்புச் சர்ச்சைகளுக்கு இடமேயில்லை, அங்கும் தீரவில்லை. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்களிலேயே தீர்ந்தது. 1977 இன் பின்னர் தேர்தல் கணக்கில் மலையக வாக்கின் பெறுமதி உயர்ந்தமையும், இந்தியா செல்ல வேண்டியவர்களை ஏற்றிச் சென்ற கப்பற் சேவை யுத்தம் காரணமாக நின்றுபோனமையும், ஐக்கிய நாடுகள் அகதிகள் முகவர் நிலையத்தின் துணையும் அதற்கு உதவின. ஆனால் கையொப்பம் கொழும்பில் இடப்பட்டது. பூட்டியவரிடமே திறவுகோலும் இருந்தது.

முஸ்லிம் வாசகர்களுக்கு அண்மைய உதாரணம் ஒன்று உண்டு. 2018 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திகன, தெல்தெனிய, அக்குறணை உள்ளிட்ட கண்டி மாவட்டப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது உலகின் பல தலைநகரங்கள் கவலை தெரிவித்தன. கவலை தெரிவிப்பதே அவற்றால் இயன்றது. மார்ச் 6 ஆம் திகதி அவசரகாலச் சட்டத்தைப் பிரகடனம் செய்ததும், பொலிஸாரையும் படையினரையும் தெருவில் இறக்கியதும், இறக்குவதில் தாமதித்ததும் இலங்கை அரசாங்கமே. பாராட்டுவதாயினும் குற்றம் சாட்டுவதாயினும் விலாசம் ஒன்றே. ஐக்கிய நாடுகள் சாசனத்தின் இரண்டாவது உறுப்புரை, அரசுகள் யாவும் இறைமையில் சமம் எனவும், ஒரு நாட்டின் உள்நாட்டு அதிகாரத்துக்குரிய விடயங்களில் அச்சாசனம் தலையிட அதிகாரமளிக்காது எனவும் கூறுகின்றது. இவ்வாசகம் சிறிய நாடுகளுக்குக் கவசம். அந்நாடுகளிலுள்ள சிறுபான்மையினருக்குச் சிலவேளைகளில் மதில்.

ஒரு நாட்டின் தலைவர் தமது எல்லைக்குள் எதையும் செய்ய வல்லவர் என்று இதற்கு அர்த்தமில்லை. 2022 ஆம் ஆண்டு கையிருப்பில் டொலர் இல்லாதபோது, எரிபொருள் வரிசையில் நின்ற மக்களுக்கு இறைமை எரிபொருளைத் தரவில்லை. அவ்வாண்டு இந்தியா சுமார் 400 கோடி டொலர் பெறுமதியான உதவிகளை வழங்கியது. 2023 ஆம் ஆண்டு மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் கடன் திட்டத்தை நிபந்தனைகளுடன் அங்கீகரித்தது. 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலினால் கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் வீடுகளோடு சரிந்தபோதும் அயல் நாடுகளின் விமானங்களும் மீட்புக் குழுக்களும் வந்தன. ஆயினும் அவை கொழும்பின் சம்மதத்துடன், நாடு நாடாகவே வந்தன. ஆசியா என்ற பெயரில் எந்த விமானமும் வரவில்லை.

உதவும் கரத்துக்கும் ஆளும் கரத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தோட்டப்புற வீடமைப்பு நன்கு உணர்த்துகின்றது. 2017 ஆம் ஆண்டு மே 12 ஆம் திகதி இலங்கை வந்திருந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, நோர்வூட்டில் திரண்டிருந்த மலையக மக்கள் முன்னிலையில், ஏற்கெனவே கட்டப்பட்டுவந்த 4,000 வீடுகளுக்கு மேலதிகமாக 10,000 வீடுகளை இந்தியா கட்டிக்கொடுக்கும் என அறிவித்தார். அன்றே கண்டிக்கும் வந்து தலதா மாளிகையை வழிபட்டார். நோர்வூட்டில் அவருக்குக் கிடைத்த ஆரவாரம் உள்ளத்திலிருந்து எழுந்தது. ஆனால் செங்கல்லையும் சீமெந்தையும் தர முடிந்த அவரால், அவ்வீடு நிற்க வேண்டிய ஏழு பேர்ச் காணியைத் தர முடியாது. அக்காணி இலங்கை அரசுக்குரியது. பெரும்பாலும் 1992 ஆம் ஆண்டின் பின்னர் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. அதனைக் கம்பனியிடமிருந்து விடுவித்து, அளந்து, உறுதிப்பத்திரம் எழுதி, லயத்தில் இருப்பவரின் பெயரில் பதிவது கொழும்பிலுள்ள அமைச்சினதும் கண்டியிலும் நுவரெலியாவிலும் உள்ள காணி அலுவலகங்களினதும் வேலை. டித்வாவில் லயத்தையும் இழந்த குடும்பங்கள் பாதுகாப்பான இடத்தில் காணி கேட்டு விண்ணப்பிக்க வேண்டியதும் அதே அலுவலகங்களிலேயே.